எங்க வீட்டு ஸ்போர்ட்ஸ் கார்!

'ஸ்போர்ட்ஸ் கார்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் சிவப்பு இத்தாலிக் கார் வரலாம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஹீரோ வரலாம். எனக்கு மட்டும் எங்க வீட்டு மாட்டுத் தொழுவம்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது!

சொந்த ஊர் குருவிகுளம். சங்கரன்கோவிலுக்குப் பக்கம். கரிசல் காடு. பருத்தியும் உளுந்தும் விளையும்; வெயில் மட்டும் விதைக்காமலே விளையும். எனக்குச் சங்கரன்கோவிலில் ஆபீஸ் உத்தியோகம். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன், சாயங்காலம் தொங்கிக்கொண்டு வருவேன். பத்து வருஷம் தொங்கியதில் கை நீண்டதே தவிர சம்பளம் நீளவில்லை.

2009-ல் பி.எஃப். லோன் போட்டு ஒரு கார் வாங்கினேன். 1996 மாடல் மாருதி ஜென். விலை அறுபத்திரண்டாயிரம். எனக்கு அது மூன்றாவது கை. 'அதுக்கு முன்னாடி எத்தனை காலோ!' என்றாள் வீட்டுக்காரி.

ஜென் 1993-ல் இந்தியாவுக்கு வந்த கார். 993 சி.சி. எஞ்சின், ஐம்பது ஹெச்.பி. முழுக்க அலுமினியம் என்பதால் எடை கம்மி. அந்தக் காலத்துக் காலேஜ் பையன்களுக்கு ஜென்தான் ஏழைகளின் ஸ்போர்ட்ஸ் கார். 1998-ல் 'சான் ஸ்டார்ம்' என்று நிஜமாகவே இரண்டு பேர் மட்டும் உட்காரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் நம் நாட்டிலேயே வந்தது. 1149 சி.சி. ரெனோ எஞ்சின். ஆனால் அப்பா, அம்மா, மனைவி, மகன் என்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கழுகுமலைக்குப் போகிறவனுக்கு இரண்டு ஸீட் கார் எதற்கு? எனக்கு ஜென்தான் ஃபெராரி.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. வினை, ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர் ரூபத்தில் வந்தது. அவருக்குக் கார் கிடையாது. அதனாலேயே கார்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும்!

"மாப்ள, எஸ்டீம் தெரியும்லா? அதோட எஞ்சினும் உன் ஜென் எஞ்சினும் ஒரே குடும்பம். இது 993, அது 1298. இது அம்பது ஹெச்.பி., அது அறுபத்தஞ்சு. அதைத் தூக்கி இதுல வச்சா எப்படி இருக்கும்?"

'எப்படி இருக்கும்?' என்று அவர் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எடை கூடாமல் பலம் மட்டும் முப்பது சதவீதம் கூடுகிறது என்றால், எந்த ஆபீஸில் கொடுப்பான் இப்படி ஒரு இன்கிரிமென்ட்?

உலகமே இப்படித்தான் செய்திருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 1962-ல் கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கர், இங்கிலாந்தின் 'ஏ.சி.' கம்பெனி செய்த சின்னக் காருக்குள் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தார். அதுதான் 'கோப்ரா'. 1964-ல் 'சன்பீம் டைகர்' வந்தது. அதிலும் அதே கதைதான். சின்ன வீட்டுக்குப் பெரிய மாப்பிள்ளை! இடம் போதாமல், ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்ற காருக்குள்ளே உட்கார்ந்து ஓட்டை வழியாகக் கைவிட வேண்டுமாம். நம் ஊரில் மட்டும் என்ன? 'பிரீமியர் 118 என்.இ.' காரின் உடம்பு ஃபியட், இதயம் நிஸான். கான்டெஸாவுக்கு முதலில் அம்பாசடர் எஞ்சினைப் போட்டு, அது முக்கி முனகியதும் பிற்பாடு இசுஸு எஞ்சினை வைத்தார்கள். பெரிய கம்பெனிகளே செய்யும்போது குருவிகுளத்துக்காரன் செய்யக்கூடாதா?

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, 'பட்ஜெட் ரூ. 40,000' என்று எழுதினேன். ஒரு சீட்டு முடிந்து வந்த பணம் அது. வீட்டுக்காரி அதில் பீரோ வாங்க நினைத்திருந்தாள்.

"ஏங்க, ஓடுற வண்டிக்கு எதுக்கு எஞ்சின்?"

"உனக்குப் புரியாது."

கல்யாணமான ஆண்கள் இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது, யாருக்குப் புரியவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

2010 ஆடித் தபசு முடிந்த கையோடு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். கூடவே மெக்கானிக் அண்ணாச்சி. எழும்பூரில் இறங்கிப் பொடி நடையாகப் புதுப்பேட்டை. பார்க்காதவர்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு தெரு முழுக்கக் கதவு, இன்னொரு தெரு முழுக்கக் கண்ணாடி, எதிரில் மலை மாதிரி கியர் பாக்ஸ். எல்லாவற்றையும் வாங்கி மாட்டினால் ஒரு முழுக் காரே கிடைத்துவிடும் என்று தோன்றியது.

அண்ணாச்சி எஞ்சின் பார்த்த அழகு இருக்கிறதே, பெண் பார்க்கிற மாமியார் தோற்றுப்போவாள்! ஆயில் மூடியைத் திறந்து அடியில் பார்த்தார். வெள்ளையாகப் பாயசம் மாதிரி ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் குறைந்தால்கூட வேண்டாம் என்றார். மூன்றாவது கடையில்தான் ஒத்துவந்தது. பதினேழாயிரத்து ஐந்நூறு.

"பில்லுல எஞ்சின் நம்பரை எழுதிக் குடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"திருட்டு வண்டி எஞ்சினா இருந்தா, நாளைக்கு ஸ்டேஷன்ல நிக்கிறது நீங்கதான் தம்பி, நானில்லை."

லாரி பார்சலில் போட்டு ஊருக்கு அனுப்பினோம். அண்ணாச்சியின் ஷெட்டில் ஒரு பெரிய வேப்பமரம். அதன் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டி, ஜென்னின் பழைய எஞ்சினைத் தூக்கினார். எஞ்சின் இல்லாத காரைப் பார்த்திருக்கிறீர்களா? பல் செட்டைக் கழற்றிய தாத்தா மாதிரி இருக்கும். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

புது எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. ஆனால் 'ஒரே குடும்பம்' என்று சொன்ன நண்பர், அந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்ததைச் சொல்லவில்லை. ரேடியேட்டர் ஹோஸ் எட்டவில்லை. சைலன்ஸர் பைப் சேரவில்லை. வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. கிளட்ச் தட்டு புதுசு, ரப்பர் மவுண்ட் புதுசு. நோட்டுப் புத்தகம் இப்படி நிரம்பியது: எஞ்சின் 17,500, ரயில், லாரி 2,300, கூலி 8,000, கிளட்ச், மவுண்ட், ஹோஸ், கேஸ்கட் வகையறா 7,900, சைலன்ஸர் வேலை 2,800. ஆக மொத்தம் 38,500. மீதி 1,500.

"தம்பி, ரேடியேட்டர் பழசு. எஞ்சின் பெருசானா சூடும் பெருசாகும். பிரேக்கும் எஸ்டீமோடதைப் போட்டிருவோம்" என்றார் அண்ணாச்சி.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம் அண்ணாச்சி."

மீதி 1,500-ல் என்ன செய்தேன் தெரியுமா? 1,200 ரூபாய்க்கு பானெட்டிலிருந்து டிக்கி வரை இரட்டைக் கோடு ஸ்டிக்கர் ஒட்டினேன். பாக்கி முந்நூறுக்கு பெட்ரோல் போட்டேன். பட்ஜெட்டுக்குள் முடித்த சாதனையாளன்!

வண்டி பறந்தது! பொய் சொல்லவில்லை. மூன்றாவது கியரில் கால் வைத்தால் முதுகு ஸீட்டில் ஒட்டியது. பஸ்ஸில் தொங்கிய பத்து வருஷத்துக்கும் சேர்த்து அந்த மாதம் பழி வாங்கினேன். எந்த டவுன் பஸ் எதிரில் கிடந்தாலும் ஓவர்டேக். பக்கத்து ஸீட் நண்பரை ஒருநாள் ஏற்றிப் போனேன். இறங்கும்போது 'சூப்பர் மாப்ள' என்றார். மறுநாளிலிருந்து பஸ்ஸிலேயே வந்தார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கழுகுமலையில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் அப்பா, அவர் மடியில் என் ஆறு வயது மகன். பின்னால் அம்மாவும் வீட்டுக்காரியும். மழை பெய்து ஓய்ந்த ரோடு. அப்பாவுக்கு வண்டியின் பவரைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தேன்.

வளைவு திரும்பியதும் ரோடு முழுக்க ஆடு.

பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை! பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. ஆட்டுக்காரப் பெரியவர் கம்பை ஓங்கியபடி நடு ரோட்டில் நிற்கிறார். அவர் கண்ணை நான் பார்த்தேன், என் கண்ணை அவர் பார்த்தார். ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி ரோட்டைவிட்டு இறங்கிக் கரிசல் சகதிக்குள் இரண்டு சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. அந்தச் சகதிதான் அன்று எனக்கு பிரேக்.

யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை. பெரியவர் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் எடிட்டர் போட மாட்டார். ஆனால் அத்தனையும் நியாயமான வார்த்தைகள்.

பிறகுதான் கணக்கு புரிந்தது. வேகம் ஒன்றரை மடங்கானால், வண்டி சுமக்கிற சக்தி ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு! அறுபதில் நிறுத்துவதைவிடத் தொண்ணூறில் நிறுத்த பிரேக்குக்கு இரண்டேகால் மடங்கு வேலை. வேகத்தின் வர்க்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வாத்தியார் ஆட்டு மந்தையை வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் மறந்திருக்காது. 1961-ல் இங்கிலாந்தில் 848 சி.சி. மினி காரை 997 சி.சி. ஆக்கி 'மினி கூப்பர்' கொண்டுவந்தபோது, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கையும் சேர்த்தே கொடுத்தார்கள். அவர்கள் பிரேக் போட்டார்கள், நான் ஸ்டிக்கர் போட்டேன்.

சகதியிலிருந்து வண்டியைத் தள்ளி ஏற்றியதும் அடுத்த கூத்து. பானெட்டிலிருந்து புகை. ரேடியேட்டர் கொதிக்கிறது! எஞ்சின் குடிக்கிற பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகி ரேடியேட்டர் தண்ணீருக்குத்தான் போகிறது. பழைய ரேடியேட்டரால் புது எஞ்சினின் சூட்டை இறக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அதுவரை வாய் திறக்காத அப்பா கேட்டார்: "ஏலே, வயரை மாத்துனியா?"

எனக்குப் புரிந்துவிட்டது. அது எங்கள் வீட்டுப் பழைய கதை. 1980-களில் எங்கள் கிணற்றில் 5 ஹெச்.பி. மோட்டார் ஓடியது. பக்கத்துத் தோட்டக்காரர் போட்டார் என்று அப்பாவும் கடன் வாங்கி 7.5 ஹெச்.பி. மோட்டார் மாட்டினார். வயர் பழைய வயர். ஸ்டார்ட்டர் பழைய ஸ்டார்ட்டர். முதல் வாரமே வயர் உருகி மோட்டார் ரூம் புகைந்தது. வயரை மாற்றிப் போட்டால், மூன்று மணி நேரம் இறைக்கிற தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் இறைத்துவிட்டுக் கிணறு வறண்டு நின்றது. கடனைக் கட்ட அம்மாவின் வளையல் போனது. அந்த வருஷம் என்னை மேற்படிப்புக்கு அனுப்ப முடியவில்லை என்று அப்பாவுக்கு ஒரு மனக்குறை. அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

அன்றைக்கு ரோட்டோரத்தில் பேசினார். "மோட்டார் பெருசாயிட்டுன்னா கிணறு பெருசாயிருமாலே?" அவ்வளவுதான். பேரனுக்குக் கடலைமிட்டாயைப் பிரித்துக் கொடுத்தார்.

டிசம்பரில் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். பிரேக்கும் ரேடியேட்டரும் மாற்ற வேண்டும், கையில் காசில்லை. "பழைய எஞ்சினை வித்துருங்க அண்ணாச்சி."

அவர் தலையைச் சொறிந்தார். "வித்துத்தான் ஆகணுமா தம்பி?"

"அது எதுக்கு இனிமே? வித்துருங்க."

நான்கு நாள் கழித்து ஏழாயிரம் வந்தது. யார் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. எஸ்டீமின் டிஸ்க், காலிப்பர், கொஞ்சம் பெரிய ரேடியேட்டர் எல்லாம் மாட்டியாயிற்று. வண்டி ஓடியது, நின்றது, கொதிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் 'சுபம்' என்று எழுதினேன்.

சுபம் நான்கு மாதம்தான். 2011 மே மாதத்தோடு ஜென்னுக்கு பதினைந்து வயது. சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. பதினைந்து வருஷத்துக்குத்தான் செல்லும். அப்புறம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் படிவம் எழுதிக் கொடுக்கும் பெரியவரிடம் ஆர்.சி.யை நீட்டினேன்.

"எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் ஒத்துப் பாப்பாங்க. அச்சு தெளிவா இருக்கா?" என்றார்.

எனக்கு வேர்த்தது. "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். எஞ்சினை மாத்தியிருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முன்கூட்டியே அனுமதி வாங்குனீரா?"

"இல்லை."

"அதே மாடல் எஞ்சினா?"

"இல்லை... கொஞ்சம் பெருசு."

அவர் பேனாவை மூடிவிட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்று பாடமே நடத்தினார். கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் 993 சி.சி., பானெட்டுக்குள் 1298 சி.சி. என்றால் புதுப்பிக்க முடியாது. (2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்தமாகச் சொல்லிவிட்டது.) கடைசியில் ஒரு குண்டும் போட்டார்: "இதுல ஆக்ஸிடென்ட் ஆயிருந்தா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சிருப்பான், தெரியும்லா?"

ஆட்டுக்காரப் பெரியவரின் கண் ஞாபகத்துக்கு வந்தது. அன்று அந்தச் சகதி இல்லாமல் போயிருந்தால்? ஒரு குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? எதை விற்றுக் கொடுத்திருப்பேன்? ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நேரே அண்ணாச்சி ஷெட்டுக்குப் போனேன். "பழைய எஞ்சினை யாருக்கு வித்தீங்க? என்ன விலை கேட்டாலும் குடுத்துத் திரும்ப வாங்கணும்."

அண்ணாச்சி சிரித்தார். "உங்க வீட்டுத் தொழுவத்துல போய்ப் பாருங்க தம்பி."

ஓடினேன். தொழுவத்தின் மூலையில் பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால், இரண்டு பலகைமேல், உரச்சாக்கு சுற்றி உட்கார்ந்திருந்தது என் 993! சாக்கைப் பிரித்தால் துருவின் வாசமே இல்லை. எண்ணெய் மினுமினுப்பு. பக்கத்தில் ஒரு ஸ்பேனர், ஒரு டப்பா ஆயில்.

அம்மாதான் சொன்னாள். அண்ணாச்சி அப்பாவிடம் வந்து சொல்லியிருக்கிறார். அப்பா பருத்தி போட்ட காசில் ஏழாயிரத்தை எண்ணிக் கொடுத்து எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார். ப்ளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, மாசம் ஒரு தடவை ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பிடித்துக்கொள்ளும் என்று அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தாராம். அதன்படி மாதா மாதம் அமாவாசையன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு எஞ்சினையும் ஒரு சுற்று சுற்றியிருக்கிறார். நாள் மறக்காமலிருக்க அமாவாசைக் கணக்கு!

ஐந்து மாதம். ஒரே வீடு. நான் ஒரு தடவைகூடத் தொழுவத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. காரைக் கழுவ நேரம் இருந்தது. அப்பாவின் மாட்டைப் பார்க்க நேரம் இல்லை.

அப்பா வயலிலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார், பிரித்த சாக்கைப் பார்த்தார்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வித்துருப்ப."

நியாயம்தானே! எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே மாட்டுக்கு வைக்கோலைப் போட்டபடி சொன்னார்: "அந்த அஞ்சு ஹெச்.பி. மோட்டாரை நான் வித்துட்டேன்லே. அப்புறம் கேட்டா கிடைக்கலை."

மறுபடி வேப்பமரம், செயின் பிளாக், கூலி 6,000. பழைய எஞ்சின் இரண்டாவது செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. பிரேக்கையும் பழையபடி ஜென்னுடையதாகவே மாற்றி, புதுசாகப் போட்டேன். ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. ஸ்டிக்கரை வீட்டுக்காரி சுரண்டி எடுத்தாள். பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. அந்த 1298 எஞ்சினை அண்ணாச்சிக்கே கொடுத்துவிட்டேன். வேலை கற்க வருகிற பையன்கள் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டிப் படித்தார்கள்.

அப்பா 2017-ல் போய்விட்டார். ஜென்னை 2016-லும் 2021-லும் புதுப்பித்தேன். அமாவாசை வந்தால் ஓட்ட வேலையில்லாவிட்டாலும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிடுவேன். அந்த நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. 'சுபம்' என்று எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் 'ரூ. 7,000 - அப்பாவுக்குத் தர வேண்டியது' என்று எழுதி வைத்திருக்கிறேன். பலமுறை கொடுத்தேன். வாங்கவே இல்லை.

போன மாதம் மகன் வந்து நின்றான். அன்று தாத்தா மடியில் கடலைமிட்டாய் தின்றவன், இன்று என்னைவிட உயரம். "அப்பா, என் பைக்ல கொஞ்சம் பெரிய எஞ்சினா மாத்திட்டா என்ன? ஃப்ரெண்டு சொன்னான், ரெண்டும் ஒரே குடும்பமாம்..."

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"ஏலே, வயரைப் பாத்தியா?"

அவன் முழித்தான். உட்காரச் சொன்னேன். கதை கொஞ்சம் பெரிசு!